கண்ணாடிச் செருப்பா, கம்பூட்டா?

மூன்று பன்றிக்குட்டிகளின் வீடுகளை ஓநாய் ஊதித் தள்ளும் ஆங்கிலக் கதையை, ஓநாயே சொல்வதுபோல் எழுதிக்கொண்டு போயிருந்தேன். "நான் வாடகைக்கு வீடு பார்க்கத்தான் போனேன். சுவர் தாங்குமா என்று லேசாக ஊதிப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்று ஓநாய் ஆரம்பிக்கும். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. கோத்தகிரியில் சனிக்கிழமைதோறும் நாங்கள் கதை சொல்லும் அறையில் இருபது சொச்சம் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வாசித்து முடித்து நிமிர்ந்தால் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. முன்வரிசையில் இருந்த மூன்றாம் வகுப்புப் பெண் மட்டும் கேட்டாள்: "அக்கா, அந்தப் பன்னிங்க யாரு?" பக்கத்தில் இருந்தவன், "ஓநாய்னா நம்ம செந்நாயா?" என்றான்.

தப்பு என்னுடையதுதான். ஒரு கதையைத் தலைகீழாக்கினால் சிரிப்பு வரவேண்டுமென்றால், அது நேராக நின்றதைக் கேட்பவர் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே கை தூக்கச் சொன்னேன். பாட்டி வடை சுட்ட கதைக்கு எல்லாக் கையும் எழுந்தது. சின்ட்ரெல்லாவுக்கு முக்கால்வாசிக் கை, அதுவும் டிவியில் பார்த்தது. சிவப்புத் தொப்பிக்காரிக்குப் பாதி. மூன்று பன்றிகளுக்கு நாலைந்து கை, எல்லாம் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள்.

இதை இவ்வளவு யோசிக்கக் காரணம், மே மாத விடுமுறைக்கு நாங்களே ஒரு சின்னப் புத்தகம் போடுவதாக இருந்தோம். நான்கு ஏ4 தாள், இருபுறமும் ஜெராக்ஸ், நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் பதினாறு பக்கம். நாற்பது பிரதி. ஒரே ஒரு கதைக்குத்தான் இடம். பழைய தேவதைக் கதை ஒன்றை வேடிக்கையாக மாற்றிச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் தாங்களே எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரிக்க வேண்டும். எப்படி மாற்றுவது என்பதில்தான் எனக்கும், கூட இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கும் இரண்டு மாத வழக்கு.

சார் பாட்டுக் கட்சி. ஆங்கிலத்தில் ரோல்டு டால் 1982இல் ஆறு பழைய கதைகளை எடுத்துக் குறும்பான செய்யுளாக்கினார். "அவங்க கடைசிச் சீரை மட்டும் ஒலிக்க வைப்பாங்க. நமக்கு மோனை, எதுகை, இயைபுன்னு மூணு கத்தி இருக்கு, சும்மா உறையில கிடக்கு" என்பார். சொன்னதோடு விடாமல், பாட்டியின் போர்வைக்குள் ஓநாய் படுத்திருக்கும் சிவப்புத் தொப்பிக்காரி கதைக்கு இரண்டு வரி கட்டிக்கொண்டு வந்தார்:

கூடைக்குள்ளே வர்க்கி இருக்கு, குடுக்கையிலே தேனிருக்கு;
போர்வைக்குள்ளே பாட்டி இருக்கா? பொறுத்துப் பாரு, வாலிருக்கு!

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் எழுதியதில் அந்தப் பெண் பாட்டிக்கு எடுத்துப்போவது கேக்கும் ஒரு பாட்டில் வைனும். எங்கள் பக்கத்து பேக்கரி வர்க்கியும் தேனும் அதைவிட எங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கம். உண்மையைச் சொன்னால், பாட்டு எடுபடாது என்றுதான் நினைத்தேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் படுகர் மொழியான படுகு பேசுகிறவர்கள், சிலர் வீட்டில் கன்னடம், மலையாளம். பள்ளிக்கூடத்தில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைக்கு எதுகை மோனை என்ன பிடிபடும்? என் கணக்கு பொய்த்தது. அடுத்த வாரம் அறைக்குள் நுழையும்போதே "பொறுத்துப் பாரு, வாலிருக்கு!" என்று கத்திக்கொண்டு ஒருவன் இன்னொருவனின் ஸ்வெட்டரைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தான். சந்தத்துக்கு அகராதி வேண்டியதில்லை போலிருக்கிறது.

சாரின் இன்னொரு வித்தை அதைவிட மலிவானது, அதைவிட நன்றாக வேலை செய்தது. காட்டில் அந்தப் பெண் ஓநாயைப் பார்க்கிறாள். பயப்படவில்லை. "ஓ... நாய்!" என்று சந்தோஷமாகத் தலையைத் தடவிக் கொடுக்கிறாள். ஓநாய்க்கு ரோஷம் வந்துவிடுகிறது: "ஓ நாய் இல்ல, ஓநாய்! சேர்த்துச் சொல்லு!" இது வேறு எந்த மொழியிலும் வராது. அந்த ஒரு இடத்துக்கே பாட்டுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிடலாம் போலிருந்தது.

ஆனால் பதினாறு பக்கம் என்று வரும்போது பாட்டு திணறுகிறது. இரண்டு வரி அமைய சாருக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு முழுக் கதைக்கு ஐம்பது அறுபது வரி வேண்டும். நடுவில் சந்தத்துக்காக 'அன்றோ', 'அம்மா', 'பாரீர்' என்று அடைக்க ஆரம்பித்தால் வேடிக்கை செத்துப்போகும். பத்து நல்ல வரிகளை நாற்பது அடைசல் வரிகள் கொன்றுவிடும் என்று நான் சொல்ல, சார் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம், பாட்டைக் காதால் கேட்டால்தான் சுகம். தனியாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குச் சந்தம் பாதி வழியிலேயே அறுந்துவிடுகிறது.

இனி வில்லன் வாக்குமூலம். 1989இல் ஜான் ஷெஸ்கா எழுதி லேன் ஸ்மித் படம் போட்டு, பன்றிக்குட்டிக் கதையை ஓநாய் தரப்பில் சொன்ன ஆங்கிலப் புத்தகம் வந்தது. அதிலிருந்து உலகத்தில் உள்ள எல்லா வில்லன்களுக்கும் வாய் முளைத்துவிட்டது. என் ஓநாயும் அந்த வம்சம்தான். முதலில் தோற்றாலும், பழைய கதையை ஒழுங்காகச் சொல்லிவிட்டு மறுபடி முயன்றேன். ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் தொகுத்த ஆங்கிலக் கதையில் முதல் இரண்டு பன்றிகளை ஓநாய் தின்றேவிடும். கடைசியில் மூன்றாவது பன்றி ஓநாயை வேகவைத்துச் சாப்பிடும். "சாப்பிட்டுச்சா!" என்று பெரிய பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அந்தச் சூட்டோடு ஓநாயின் வாடகை வீட்டு வாக்குமூலத்தை வாசித்தேன். ஆறாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் முகம் வாடி, "பாவம் ஓநாய், வீடே கிடைக்கல" என்றான்.

அந்தப் பையனிடமிருந்துதான் இந்த வகையின் வயது எல்லை எனக்குத் தெரிந்தது. ஓநாய் புளுகுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் மொத்தச் சிரிப்பும். கதை சொல்கிறவர் பொய் சொல்லக்கூடும் என்ற எண்ணமே சின்னப் பிள்ளைகள் பலருக்கும் வருவதில்லை. அச்சில் இருந்தால் நிஜம், அக்கா சொன்னால் அதைவிட நிஜம்.

ஆனால் பிள்ளைகளையே எழுத வைக்க வேண்டுமென்றால் இதற்கு இணை கிடையாது. ஆறாம் வகுப்பில் கடிதம் எழுதுதல் நடத்தியிருந்தார்கள். சரி, ஹான்சல் கிரேட்டல் கதையில் வரும் சூனியக்காரி கலெக்டருக்கு மனு எழுதினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கிரிம் கதைப்படி அவள் வீட்டுச் சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. காடு சுற்றி வந்த இரண்டு பிள்ளைகள் கேட்காமல் கொள்ளாமல் அதைப் பிய்த்துத் தின்கிறார்கள். ஒரு பெண் எழுதிய மனுவை அப்படியே வைத்திருக்கிறேன்:

"அனுப்புநர்: சூனியக்காரி, கேக் வீடு, காட்டின் நடுவில். பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள். பொருள்: கூரை தின்றது தொடர்பாக. ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். சென்ற வாரம் இரண்டு பிள்ளைகள் வந்து என் கூரையையும் ஒரு ஜன்னலையும் தின்றுவிட்டார்கள். இப்போது மழை வீட்டுக்குள் பெய்கிறது. நான் அவர்களைச் சாப்பிட நினைத்தது உண்மைதான். ஆனால் அவர்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள்."

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. 'மேற்கண்ட முகவரியில்' என்ற சொல்லே போதும், நான் எழுதியிருந்தால் வந்திருக்காது. இதையே புத்தகமாகப் போட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சின்னப் பிள்ளைகள்தான் தடுத்தார்கள். மனு என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது வழி, கதையை மலைக்குக் கொண்டுவருவது. எனக்கு ஆரம்பத்திலிருந்தே இதில்தான் ஆசை. இதில்தான் அதிகம் அடியும் பட்டேன்.

தங்க முடிக்காரியும் மூன்று கரடிகளும் கதை, அச்சில் முதலில் 1837இல் ராபர்ட் சதே எழுதியதாக வந்தபோது கரடி வீட்டுக்குள் நுழைந்தது சின்னப் பெண் இல்லை, வாய்த்துடுக்கான ஒரு கிழவி. 1849இல் ஜோசப் கண்டால் என்பவர்தான் கிழவியைச் சிறுமியாக மாற்றினார். யார் வீட்டுக்குள் யார் நுழைந்தது என்பதை இவர்களே இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், நாம் மாற்றினால் என்ன? எங்கள் ஊரில் கரடி வீட்டுக்கு மனுஷர் போகிற வழக்கமே இல்லை. கரடிதான் இங்கே வரும். கோயில் கதவைத் தள்ளி விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும், கடைக்குள் புகுந்து எண்ணெய் பாக்கெட்டைக் கிழிக்கும். அப்படியே திருப்பினேன். பாட்டி, அம்மா, பேத்தி மூவரும் வெளியே போயிருக்கும்போது கரடி வீட்டுக்குள் வருகிறது. மூன்று கிண்ணம் கஞ்சி. முதல் கிண்ணம் சூடு, இரண்டாவது ஆறிப்போனது, மூன்றாவதில் உப்பில்லை. "சே, இதுக்கா இவ்வளவு தூரம் இறங்கி வந்தேன்" என்று சாமி விளக்கைத் தூக்கி எண்ணெயைக் குடித்துவிட்டு, மூன்று பாயையும் போட்டு மேலே படுக்கிறது. இதுவரை நான் சொன்ன கதைகளிலேயே பெரிய சிரிப்பு இதற்குத்தான். ஆளாளுக்குக் குறுக்கே புகுந்து, அவரவர் தெருவுக்குக் கரடி வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மூலக் கதை யாருக்கும் தெரியாதபோதும் இது எடுபட்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்த மூலம் கரடிதானே.

ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவன் அக்காதான் சொன்னாள், அவர்கள் சொந்தத்தில் ஒருவரைத் தேயிலைக் காட்டில் கரடி அடித்துவிட்டதாம், இன்னும் கை சரியாகத் தூக்க முடியவில்லையாம்.

அன்றைக்கு ராத்திரி என் நோட்டில் இருந்த இன்னொரு திட்டத்தையும் அடித்துவிட்டேன். சிவப்புத் தொப்பிக்காரி கதையில் ஓநாய்க்குப் பதில் சிறுத்தை என்று எழுதி வைத்திருந்தேன். கூடலூர், பந்தலூர் பக்கம் சிறுத்தை குழந்தையைத் தூக்கியது செய்தி, கதை இல்லை. ஓநாய் பாட்டியை விழுங்குவது வேடிக்கையாக இருப்பதே ஓநாய் இங்கே இல்லாததால்தான். சார்ல் பெரோ 1697இல் பிரெஞ்சில் எழுதியபோது ஓநாய் அந்தப் பெண்ணையும் தின்றுவிடும், கதை அதோடு முடிந்துவிடும். வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவதெல்லாம் 1812இல் வந்த கிரிம் தொகுப்பில்தான். அந்த ஊர்களில் ஓநாய் நிஜமாகவே உலவிய காலம் அது. அங்கே அப்போது யாரும் இதைக் கேலிக்கதையாகச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் சார் நாலாவதாக ஒரு கட்சியும் ஆரம்பித்தார். மாற்றவே வேண்டாம், ஏற்கனவே சிரிப்பாக இருப்பதை அப்படியே போடுவோம் என்றார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைத்தான் சொல்கிறார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்ப்பது, கரையேறியதும் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவனைக் காணோம் என்று அழுவது, பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவது. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியது, 1822இல் லண்டனில் அச்சானது, இன்றைக்கும் ஒரு சொல் மாற்றாமல் சிரிக்கலாம் என்பது சாரின் கட்சி. சொல் மாற்றாமல் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, அந்த உரைநடையை நாலாம் வகுப்புக்கு உடைத்துத்தான் தரவேண்டும். மற்றபடி எண்ணுகிற கதைக்குப் பிள்ளைகள் எழுந்து நின்று தங்களையே எண்ணிக் காட்டினார்கள். ஆனால் அதில் சிரிப்பு தயாராகக் கிடைக்கிறது. பழைய கதையைக் கையில் எடுத்து முறுக்கிப் பார்க்கும் தைரியம் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடிய காக்காவை முதலில் யோசித்தவர் யாரோ, அவருக்கு இருந்த துணிச்சல்.

இருந்தாலும் பரமார்த்த குருவிடமிருந்து ஒரு பூசணிக்காயைத் திருடிக்கொண்டேன்.

கடைசியில் முடிவானது சின்ட்ரெல்லா. ஏற்கனவே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும், யாரையும் எந்த மிருகமும் கடிக்காது, மலைக்குக் கொண்டுவரும்போது மாற வேண்டியது பொருள்கள் மட்டும்தான். பெரோவின் கதையில்தான் பூசணி வண்டியும், குதிரையாகும் ஆறு சுண்டெலிகளும், நடுராத்திரிக் கெடுவும், கண்ணாடிச் செருப்பும். கிரிம் கதையில் தேவதையே கிடையாது. அம்மாவின் சமாதியில் வளர்ந்த மரமும் பறவைகளும்தான் உடுப்பு தருகின்றன. செருப்பு தங்கம், அதற்குள் கால் நுழையவேண்டும் என்று அக்காக்கள் விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்வார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் நான் பெரோ பக்கம் வந்துவிட்டேன்.

எங்கள் கதையில் அவள் லயன் வீட்டுப் பெண், அதாவது தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் இருப்பவள். தேவதை பூசணிக்காயைத் தட்டினால் வண்டி வரவில்லை, உள்ளேயிருந்து ஒரு குதிரைக்குட்டி தலையை நீட்டி, "முட்டைன்னு யாரோ சொன்னாங்களே, அது நான்தான்" என்கிறது. நடுராத்திரி மணிக்குப் பதில் கடைசி பஸ். மந்திரம் கலைவதைவிட அதுதான் பிள்ளைகளுக்கு நிஜமான பயம், ஏனென்றால் எஸ்டேட்டுக்குப் போகிற கடைசி பஸ்ஸை விட்டால் நடைதான். ஓடுகிற ஓட்டத்தில் கழன்று விழுவது கண்ணாடிச் செருப்பில்லை, இலை பறிக்கப் போகும்போது போடுகிற ரப்பர் கம்பூட்ஸ். மழைக்காலத்தில் அவளிடம் வேறென்ன இருக்கும்? மறுநாள் இளவரசன் அதைத் தூக்கிக்கொண்டு லயன் லயனாக வருகிறான். ஆறாம் நம்பர். முதல் வீட்டு அக்காவுக்குச் சரியாக இருக்கிறது. இரண்டாவது வீட்டு அத்தைக்கும் சரியாக இருக்கிறது. பாதி எஸ்டேட்டுக்கு அது பொருந்துகிறது, மேஸ்திரி உட்பட. வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "தம்பி, இன்னொரு காலுக்கும் கொண்டுவந்திருந்தா புண்ணியமாப் போயிருக்கும்" என்கிறாள்.

இந்த இடத்தைக் கைப்பிரதியாக வாசித்தபோது படுகு பேசும் பிள்ளைகள், லயன் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். பக்க அமைப்பையும் அன்றே முடிவு செய்தோம். இடது பக்கத்தில் பெரோவின் கதை நாலு வரியில், வலது பக்கத்தில் எங்கள் கதை. தெரியாத பிள்ளை முதலில் இடது பக்கம் படித்துவிட்டு வரட்டும். "ஓ... நாய்!" இடத்துக்கு இந்தக் கதையில் வேலையில்லை. அதற்காகச் சாருக்குப் பின்னட்டை கொடுத்திருக்கிறோம், அந்த இரண்டு வரிப் பாட்டோடு. சூனியக்காரியின் மனு உள்ளட்டையில். கரடிக் கதையை அச்சில் போடவில்லை. எதிரே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, வாயால் மட்டும் சொல்வேன்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. எல்லாக் காலுக்கும் பொருந்துகிற பூட்ஸை வைத்து இளவரசன் எப்படி அவளைக் கண்டுபிடிப்பான்? நானும் சாரும் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். மோதிரம், மச்சம், பாட்டு என்று சினிமாவில் வருகிற எல்லாவற்றையும் யோசித்தோம். லயனிலிருந்து வருகிற நாலாம் வகுப்புப் பெண்ணிடம் சும்மா கேட்டதும், யோசிக்கவே இல்லாமல் சொன்னாள்: "அதுல பஞ்சர் ஒட்டியிருக்கும்ல அக்கா. எங்கம்மா பூட்ஸ்ல சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கு. மீதி டியூப் வீட்டுலதான இருக்கும். யார் வீட்டுல இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க."

அட்டைப் படத்தை அவளையே வரையச் சொல்லியிருக்கிறோம். பூட்ஸ் வரைந்துவிட்டாள், ஒட்டுக்குச் சிவப்பு. இளவரசனுக்கு மட்டும் இன்னும் முகம் போடவில்லை, அவன் அவ்வளவு முக்கியமில்லையாம்.